காலை வசனமும் மியூட் செய்த நண்பரும்

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பரின் அப்பா மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அன்று முதல் இவர் தினமும் காலையில் வேதாகமத்திலிருந்து ஓர் ஆறுதல் வசனத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வந்திருக்கிறார். தன்னை அவர் மியூட்டில் போட்டிருப்பது போன வாரம்தான் இவருக்குத் தெரிந்ததாம். "சபையில் வேலை ஸ்தலத்தில் சாட்சியாக இரு என்கிறார்கள். வாயைத் திறந்தால் மதம் மாற்றப் பார்க்கிறான் என்கிறார்கள். நான் என்னதான் செய்வது?" என்பது கேள்வி.

தம்பி, முதலில் அந்த மியூட் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். நீதிமொழிகள் 27:14-ஐ எடுத்துப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று இருக்கும். அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை, அவ்வளவுதான். வசனத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் ஐந்தரை மணிக்கு வரும் செய்தி அவருக்காக எழுதப்பட்டதல்ல என்பது அவருக்குத் தெரியும். அதே படத்தை நீங்கள் இன்னும் நாற்பது பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் 31 வருஷம் இருந்தேன். வருகைப் பதிவு, லீவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். யார் வீட்டில் பிரசவம், யாருக்குக் கடன், யார் குடிக்கிறார் என்பது மானேஜருக்குத் தெரியும் முன்பே டைம் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார் வேலையில் பாதி அது.

நீங்கள் செய்ததைவிடப் பெரிய தப்பை நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ரிங் ஃப்ரேம் பிரிவில் ஒரு ஃபிட்டரின் எட்டு மாதக் குழந்தை இறந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷம் பேசினேன். அவர் தலை நிமிராமல், "உங்க புள்ளைக்கு எத்தனை வயசு சார்?" என்று கேட்டார். "நாலு" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. என் முன்னால் வைத்த காபி ஆறி ஆடை படிந்தது. பிறகு பல வருஷம் லீவு சீட்டு கொடுக்க வரும்போதுகூட அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அந்த வாக்கியத்தை யோபு தன் பிள்ளைகளை இழந்தபோது தன்னைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதே வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து யோபுவிடம் சொன்னால் கேட்க எப்படி இருக்கும்? இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் பேசாமல் இருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது.

சோர்ந்தவரிடம் எப்படி நடப்பது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த இடம் 1 இராஜாக்கள் 19. எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி இவர். தூதன் வந்து என்ன சொல்கிறான்? 'இவ்வளவு பெரிய ஊழியக்காரர் இப்படிப் பேசலாமா' என்றா? தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. இரண்டாம் தடவை வந்து எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். கர்த்தர் அவரிடம் பேசுவது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில். அடை முதலில், வார்த்தை பிறகு. நாம்தான் வரிசையை மாற்றிவிட்டோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு வேலை பார்ப்பவர் யாராவது எலியா மாதிரி 'போதும், செத்துப் போகலாம் போல இருக்கிறது' என்றால் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடவே இருங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் மனநல ஆலோசனை இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால் போனை நீங்களே போட்டுக் கையில் கொடுங்கள். ஜெபமும் செய்யுங்கள். ஆனால் ஜெபித்துவிட்டோமே என்று அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, வேலையிடத்தில் அடை என்பது என்ன? எங்கள் மில்லில் ஒரு மெஷின் ஆபரேட்டர் சாலை விபத்தில் இறந்தார். துக்க வீட்டுக்கு மூன்று வேனில் போனோம், மாலை போட்டோம். பத்து நாள் கழித்து அவர் மனைவி, கையில் ஒரு மஞ்சள் பையுடன், டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பையில் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கணவரின் பழைய சம்பளச் சீட்டுகள். பி.எஃப். எங்கே போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் நாமினி இடத்தில் ஆபரேட்டரின் அம்மா பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது, அப்படியே கிடந்திருக்கிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே பேச்சு இல்லை.

சட்டம் தெரிந்திருந்ததால் அன்றைக்கு ஒரு பெரிய சண்டை நடக்காமல் போனது. பி.எஃப். திட்டத்தில், கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினி நியமனம் கல்யாணம் ஆனதுமே செல்லாது. உறுப்பினர் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நான்கு முறை கூடப் போனேன். மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு, வேலையில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டுத் தொகையும் உண்டு. அந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை. இன்றைக்கு அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். எத்தனை குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது தெரியுமா? அந்த ஐந்து மாதத்தில் அந்த அக்காவிடம் நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, பாதி நாள் ஜெராக்ஸ் கடையில் போனது.

ஆகவே உங்கள் பிரிவில் யாருக்காவது இந்த வாரமே ஒரு உதவி செய்ய வேண்டும் என்று தோன்றினால், டீ நேரத்தில் உட்கார்ந்து அவருடைய போனில் பி.எஃப். தளத்தைத் திறந்து, நாமினி யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஆன்லைனிலேயே மாற்றிவிடலாம்.

உங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளிகளும் இருப்பார்கள். பீகார், ஒடிசா பையன்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் 'பையா'தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர்களும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பது சீட்டில் தெரியும், எதற்குப் பிடிக்கிறார்கள் என்றுதான் தெரியாது. காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்துவிடுவார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகம் எங்கே இருக்கிறது என்று ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் போதும், அவன் மற்ற இருபது பேருக்குச் சொல்லிவிடுவான்.

இந்த இடத்தில் எனக்குப் போவாஸ் ஞாபகம் வருவார். ரூத் புத்தகத்தை நாம் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். ஆனால் இரண்டாம் அதிகாரம் முழுக்க ஒரு வேலைத்தளக் கதை. வயலுக்கு வருகிற முதலாளி, கர்த்தர் உங்களோடே இருப்பாராக என்று அறுக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறார். பக்திப் பேச்சு அதுவும், ரூத்துக்குச் சொல்லும் ஓர் ஆசீர்வாதமும்தான். மீதியெல்லாம் ஏற்பாடு. அந்நிய தேசத்திலிருந்து வந்து கதிர் பொறுக்கும் அந்தப் பெண்ணை வேலைக்காரர்கள் தொடக் கூடாது. தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்கார வேண்டாம், பக்கத்தில் வந்து சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று செய்கிறார் பாருங்கள். அறுத்த கதிர்க் கட்டுகளில் கொஞ்சத்தை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் தனியாகச் சொல்கிறார். சாயங்காலம் அவள் தட்டிப் பார்த்தபோது ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. தானமாகக் கை நீட்டி வாங்கவில்லை, அவள் உழைத்துச் சேர்த்தது. யார் சிந்தவிடச் சொன்னது என்று அவளிடம் யாரும் சொன்னதாக அங்கே இல்லை.

நீங்கள் ஷிஃப்ட் இன்ஜினியர். உங்கள் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள். யாரை எந்த மெஷினில் போடுவது, யாருக்கு ஓவர்டைம், யாருக்கு ஞாயிறு விடுமுறை என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் வயல். தப்பு செய்தவனைத் தனியே கூப்பிட்டுக் கண்டிப்பதும் எல்லோர் முன்னாலும் கிழிப்பதும் உங்கள் கையில்தான். காலையில் ஆலை வாசலில் 'பிரைஸ் த லார்ட்' சொல்லிவிட்டு லீவு கேட்டு வந்தவனை மூன்று தடவை அலையவிடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே மற்றவர்களுக்கு எரிச்சல் வரும்.

அப்புறம் ஊக்கப்படுத்துதல். இதைத்தான் நாம் ரொம்ப மலிவாக்கிவிட்டோம். 'யூ கேன் டூ இட் பிரதர்' என்று முதுகில் தட்டுவது ஊக்கம் என்று நினைக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் சீப்புரு தீவைச் சேர்ந்த யோசே என்று ஒரு லேவியர் வருகிறார். அவருக்கு அப்போஸ்தலர்கள் வைத்த மறுபெயர் பர்னபா, அர்த்தம் 'ஆறுதலின் மகன்'. கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல்லும், யோவான் சுவிசேஷத்தில் நாம் 'தேற்றரவாளன்' என்று வாசிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பக்கத்தில் அழைப்பது, பக்கத்தில் நிற்பது என்பது அந்த வேர். இவ்வளவு பெரிய பெயர் வாங்கிய மனிதர் என்ன பேசி ஊக்கப்படுத்தினார் என்று தேடிப் பாருங்கள். அவர் தனியாகச் சொன்ன ஒரு பிரசங்கம்கூட அங்கே எழுதி வைக்கப்படவில்லை. செய்ததுதான் இருக்கிறது.

பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் எருசலேமுக்கு வந்தபோது யாரும் அவரை நம்பவில்லை. நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து இழுத்துப் போனவன், இன்றைக்குச் சீஷன் என்கிறான், உளவாக இருக்கும் என்று பயந்தார்கள். பர்னபா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்கள் முன்னால் நிறுத்தி, இவருக்கு நடந்தது இது என்று சொன்னார். சவுல் ஏமாற்றியிருந்தால் போவது பர்னபாவின் பெயரும்தான். பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, தானே நடத்திப் பெயர் வாங்கியிருக்கலாம். தர்சுவரை போய்ச் சவுலைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். 13-ம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் 'பர்னபாவும் சவுலும்' என்று இருக்கிறது. அதே அதிகாரம் முடியும் முன் 'பவுலும் பர்னபாவும்' என்று ஆகிவிடுகிறது. தான் கூட்டி வந்த ஜூனியரின் பெயர் முன்னால் போகிறது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த வரிசை மாற்றத்தின் வலி தெரியும். அதற்காகப் பர்னபா முகம் சுளித்ததாக ஒரு வார்த்தை இல்லை. அவர் பவுலோடு சண்டை போட்டது ஒரே விஷயத்துக்கு. ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாற்குவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் போட்டார். பல வருஷம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டி வா, எனக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

எனக்கு ஒரு பர்னபா இருந்தார். எங்கள் ஹெட் கிளார்க். முஸ்லிம், எல்லோரும் பாய் என்போம். ஒரு மாதம் சம்பளப் பட்டுவாடாவில் 4,200 ரூபாய் குறைந்தது. பணத்தைக் கடைசியாக எண்ணியவன் நான். அந்தக் காலத்தில் எனக்கு அது மூன்று மாதச் சம்பளம். மானேஜர் அறையில் நிற்க வைத்துக் கேட்டார்கள், எனக்கு வார்த்தை வரவில்லை. பாய் கூப்பிடாமலே உள்ளே வந்தார். "அவன் எடுத்திருக்க மாட்டான் சார். போலீஸ் வேண்டாம். கணக்கு வரலேன்னா என் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்குங்க" என்றார். கையில் பேனா மூடிகூடப் போடாமல் இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஒரு வவுச்சர் இரண்டு தடவை ஏறியிருந்தது தெரிந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று இதை நினைவுபடுத்தி அழுதேன். "அப்படியா? நான் சொன்னேனாப்பா?" என்று கேட்டார்.

பவுலுக்குப் பர்னபா செய்ததை எனக்குச் செய்தவர் ஒரு முஸ்லிம். ஆகையால் அன்பு ஏதோ நம் கடையில் மட்டும் கிடைக்கும் சரக்கு என்ற நினைப்போடு யாரிடமும் போகாதீர்கள். நம்மை இதற்குக் கட்டாயப்படுத்த ஒருவர் இருக்கிறார் என்பதுதான் நம் வித்தியாசம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரை அடகு வைப்பது வேறு, கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டாவதைப் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கூட வேலை பார்ப்பவருக்குப் பணம் கொடுத்தால் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள்.

ஜெபம் பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "வீட்டில் ஜெபம் பண்ணும்போது உங்க அம்மா பேரைச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் கோபப்படுவதில்லை. "சொல்லுங்க சார், எந்த சாமி கேட்டாலும் சரி" என்பார்கள். கேன்டீனில் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிப்பது, சொல்லாமல் ஐந்து பேராக ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்பது, இதெல்லாம் அவரை மற்றவர்கள் முன்னால் சங்கடப்படுத்தும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். மேலதிகாரியின் அழைப்பு அழைப்பாகக் கேட்காது, உத்தரவாகக் கேட்கும். அவரே வந்து 'உங்களுக்கு எப்படி இது முடியுது' என்று கேட்டால் அன்றைக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று நமக்கு இருக்கிறது. ஜெபக்குறிப்பு. "என் ஆபீஸ்ல ஒரு சிஸ்டர், புருஷன் விட்டுட்டுப் போயிட்டாராம், ஜெபிச்சுக்குங்க" என்று ஐக்கியக் கூட்டத்தில் சொல்வோம். மறுநாள் அந்தப் பெண்ணின் தெருவுக்கே விஷயம் போயிருக்கும். அவள் உங்களை நம்பிச் சொன்னது. ஆண்டவருக்கு அவள் பெயரும் கம்பெனியும் ஏற்கெனவே தெரியும்.

ஆயுத பூஜை அன்று லீவு போட்டு ஒளிந்துகொள்ளும் ஆட்களில் ஒருவராக இருக்காதீர்கள். பொரி வாங்கலாமா கூடாதா என்பதில் நம் சபைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, அது உங்கள் மனச்சாட்சி. ஆனால் முதல் நாள் மெஷினைத் துடைத்துக் கழுவும்போது துணியை எடுத்துக்கொண்டு கூட நிற்க யார் தடுத்தது? வருஷம் முழுக்கச் சோறு போடும் மெஷின்தானே. உங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நண்பர் விஷயம். மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இப்போதுதான் அவருக்கு ஆள் தேவை. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போயாயிற்று, அம்மா தனியாக இருப்பார், அப்பா பெயரில் இருக்கும் கரண்ட் இணைப்பு முதல் பேங்க் கணக்கு வரை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் வரும் நேரம். நாளையிலிருந்து வசனம் அனுப்புவதை நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினேன் என்று விளக்கமும் வேண்டாம். கேன்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, "அப்பா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேளுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேச அவருக்கு ஆசை இருக்கும். நாம்தான் மனசு கஷ்டப்படும் என்று அந்தப் பேச்சையே எடுக்காமல் சுற்றிப் போகிறோம். பேச விருப்பமில்லை என்று தெரிந்தால் விட்டுவிட்டுச் சாம்பாரைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த வருஷம் அவர் வீட்டில் தீபாவளி, பொங்கல் எதுவும் இருக்காது. ஆலையில் எல்லோரும் போனஸ், துணி, ஊருக்கு டிக்கெட் என்று இருக்கும்போது அவர் சும்மா நிற்பார். உங்கள் காலண்டரில் அதைக் குறித்து வையுங்கள். வருஷத் திதி என்றைக்கு என்று இப்போதே கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஷிஃப்ட் பட்டியல் போடும் முன்னால் சூப்பர்வைசரிடம் போய், அவருடைய நைட் ஷிஃப்டை என் பெயருக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம், பட்டியலைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார்.